ஒன்பதாவது வெடி

சென்ற மாதம் எங்கள் பழைய சுரங்கத்தில், வெடி வைக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்ற ஆள் ஒருவர் வந்து நாலு வார்த்தை பேசட்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் பூமிக்குள் வைத்த ஒவ்வொரு வெடிக்கும் ஒரு எண் இருக்கிறது. கையடக்கமான கருவியில் பொத்தானை அழுத்தினால், எல்லாம் தயாராக இருக்கிறதா என்று திரையே சொல்லிவிடுகிறது. நான் பேசி முடித்ததும், பெரம்பலூரில் டிப்ளமோ முடித்து வந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

"ஐயா, உங்க சர்வீஸ்ல நீங்க ஏதாவது தப்பு பண்ணியிருக்கீங்களா?"

பக்கத்தில் இருந்த அதிகாரி முந்திக்கொண்டார். "ஐயாவுக்குத் தப்புன்னா என்னன்னே தெரியாதும்மா." எல்லோரும் சிரித்தார்கள். டீ வந்தது. நானும் டீயைக் குடித்துவிட்டு, சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர் சொன்னது பொய். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததால் அது என் பொய்யும் ஆகிவிட்டது. வாழ்க்கையில் ஒரு முறை பொய்யோடு உட்கார்ந்திருந்தது போதும். அந்தப் பெண்ணுக்கான பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சவரிமுத்து. சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் ஒன்றில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். கல் அள்ளும் ஆளாகச் சேர்ந்து, துளை போடும் இயந்திரத்துக்கு உதவியாளாகி, வெடி வைப்பதற்கான சான்றிதழ்த் தேர்வில் ஒரு முறை தவறி, மறுமுறை தேறி வெடிக்காரன் ஆனேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கையெழுத்துப் போட்டு எதையும் வாங்கியதில்லை. அந்தச் சான்றிதழை என் அம்மா மாதா படத்துக்குக் கீழே மாட்டி வைத்தார்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் போர்மேன் துரைசாமி சார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். மனம் சரியாக இருந்தால் எங்களை "டேய்" என்பார். கோபம் வந்தால் "நீங்க, வாங்க, சொல்லுங்க" என்று மரியாதை ஏறிவிடும். "என்னங்க சவரிமுத்து" என்று ஆரம்பித்தால், செய்த வேலையை முதலிலிருந்து சரிபார்க்க ஓடுவேன்.

அப்போதெல்லாம் திரி வைத்த வெடிதான். பாறையில் வரிசையாகக் குழி போட்டு, மருந்தை இறக்கி, மேலே களிமண்ணால் கெட்டித்து, திரியை வெளியே விட்டிருப்போம். எல்லாத் திரியும் ஒரே நீளம் இருக்காது. ஒன்றன் பின் ஒன்றாக வெடித்தால்தான் எண்ண முடியும் என்பதால் நீளத்தை மாற்றி மாற்றி வெட்டுவோம். எத்தனை குழியோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வெடிக்காத மருந்து பாறைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது அரை மணி நேரம் ஒருவரும் கிட்டே போகக் கூடாது. அதன் பிறகு வெடிக்காரன் மட்டும் இறங்கி, ஒவ்வொரு குழியாகப் பார்த்து, வெடிக்காததைக் கண்டுபிடித்து, அதைச் செயலிழக்கச் செய்யும் வரை அங்கே வேலை நடக்காது.

இரண்டு பேர் எண்ண வேண்டும் என்பது சட்டம். துரைசாமி சார் அதற்கு மேல் ஒன்று வைத்திருந்தார். எத்தனை குழியோ அத்தனை கூழாங்கல்லை இருவரும் இடது கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வெடிக்கு ஒரு கல் வலது கைக்குப் போகும். எல்லாம் முடிந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் இடது கையை விரிக்க வேண்டும். இரண்டு கையும் காலியாக இருந்தால்தான் ஆபத்து நீங்கியது என்று சங்கு ஊதலாம்.

"உன் கணக்க வாயால சொல்லாத. சொன்னா அடுத்தவன் ஆமாம்பான். கைய விரிச்சுக் காட்டு" என்பார். இன்னொன்றும் சொல்வார்: "காதால எண்ணாதடா, காலால எண்ணு. நம்ம வெடி தரை வழியா உள்ளங்காலுக்கு வரும். காதுக்கு மட்டும் வர்றது ஊரான் வெடி." பக்கத்துச் சுரங்கத்திலும் மதிய வேளையில்தான் வெடி வைப்பார்கள். அவர்களுக்குப் பன்னிரண்டேகால், எங்களுக்குப் பன்னிரண்டரை என்று ஒரு ஏற்பாடு இருந்தது.

அன்று பெரிய வெள்ளிக்கிழமை. எங்களுக்கு விடுமுறை கிடையாது. மூன்று மணிக்கு எங்கள் ஊர்க் கோவிலில் சிலுவைப்பாதை. சிலுவையைச் சுமந்து நடக்கும் ஆட்களில் அந்த வருடம் நானும் ஒருவன். நாற்பது நாளும் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒரு சந்தி இருந்திருந்தேன். ஒன்றேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். துரைசாமி சார் அன்று விடுப்பு. ஒன்பது குழிதான். மருந்து இறக்கியாயிற்று. பன்னிரண்டரை வரை காத்திருப்பானேன் என்று பன்னிரண்டேகாலுக்கே திரியைக் கொளுத்தினேன்.

எனக்கு இரண்டாவது ஆளாக எண்ணியவர் மருதமுத்து அண்ணன். எட்டுச் சத்தம் ஒழுங்காகக் காலுக்கு வந்தது. ஒன்பதாவது சத்தமும் கேட்டது. ஆனால் அது காலுக்கு வரவில்லை; பக்கத்துச் சுரங்கத்து வெடி. அது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரியவில்லை என்று இத்தனை வருடம் கழித்துக் கூடச் சொல்ல மாட்டேன். அரை மணி காத்திருந்து, பிறகு குழி குழியாகத் தேடினால் பஸ் போய்விடும், சிலுவையை வேறு யாராவது சுமப்பார்கள் என்பதுதான் மனதில் ஓடியது. கையை விரிப்பதற்கு முன் வாயைத் திறந்தேன்.

"ஒம்போதுதானேண்ணே?"

"ஆமா தம்பி" என்றார். அவர் இடது கையில் ஒரு கல் மிச்சம் இருந்திருக்கிறது. நான் சொன்னதைக் கேட்டு, தான்தான் தவறவிட்டோம் என்று நினைத்து அதைக் கீழே போட்டிருக்கிறார். சங்கு ஊதச் சொன்னேன். நோட்டில் ஒன்பது வைத்தது, ஒன்பது வெடித்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே இறங்கி ஒரு சுற்றுப் பார்த்ததாகப் பேர் பண்ணிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அன்று மாலை சிலுவையைத் தோளில் சுமந்தேன். முழங்காலில் நின்று அதை முத்தமும் செய்தேன்.

மறுநாள் காலை ஷிப்டில் கலியபெருமாள் அந்த இடத்தில் அடுத்த வரிசைக்குத் துளை போட்டார். விக்கிரமங்கலத்துக்காரர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பழைய குழி தெரிந்தால் அதிலிருந்து ஓர் அடி தள்ளித்தான் இயந்திரத்தை வைக்கும் கவனமான ஆள். ஆனால் அந்த ஒன்பதாவது குழி உடைந்த கல்லுக்குக் கீழே மூடிக் கிடந்தது. இயந்திரத்தின் உளி நேராக மருந்தில் இறங்கியது. இடது கண் போயிற்று. இடது கையில் மூன்று விரல் போயிற்று. முகம் முழுவதும் வெடிமருந்துக் கரி படிந்த கல் பொடி தோலுக்குள் ஏறிக் கருநீலப் புள்ளிகளாக நின்றுவிட்டது. திருச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். உயிர் தங்கியது.

விசாரணை வந்தது. அதிகாரி என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "எத்தனை வெடித்தது?"

"ஒன்பது சார்."

அந்த ஒரு வார்த்தையில் கலியபெருமாள் குற்றவாளி ஆனார். எல்லாம் வெடித்துவிட்டது என்றால், பழைய குழியின் அடியில் ஒட்டிக் கிடந்த மிச்ச மருந்தில் அவர்தான் விதியை மீறித் துளை போட்டிருக்க வேண்டும். அஜாக்கிரதை என்று குற்றப்பத்திரிகை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே போனது. வேலை போய்விடும் நிலை. ஏன் பொய் சொன்னேன் என்று கேட்டால், பயம். சான்றிதழ் போய்விடும் என்ற பயம். அதற்கு மேல் அலங்காரமாகச் சொல்ல எதுவும் இல்லை.

இரண்டு வாரம் தாங்கினேன். பிறகு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்குச்சாமியார் பாதி கேட்கும்போதே கண்ணை மூடிக்கொண்டார். முடித்ததும் ஆசீர்வதித்துப் பாவமன்னிப்புக் கொடுத்தார். எழுந்திருக்கப் போனவனை உட்கார வைத்தார்.

"என்ன அபராதம்னு கேக்கலையே?"

"சொல்லுங்க சாமி. அம்பத்திமூணு மணி செபமாலையா?"

"அதெல்லாம் ஒனக்குச் சுளுவுடா. அந்த மனுசனோட பேரைத் திருடி வச்சிருக்க. கொண்டு போயி அவர் கையிலயே குடு. ஆண்டவர் மன்னிச்சிட்டார்ங்கறதால நீ தப்பிச்சிட்டன்னு அர்த்தமில்ல. இனிமே பயப்படாம போகலாம்னு அர்த்தம்."

திங்கட்கிழமை காலை துரைசாமி சார் அறைக்குப் போய், உட்காராமல், எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸையும் சொன்னேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். 

"எழுதிக் குடுங்க சவரிமுத்து" என்றார். தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார். நான் எழுதி முடித்ததும் வாங்கிப் படித்து, அடியில் தானும் சில வரி எழுதினார். தான் விடுப்பில் போகும்போது வேறு பொறுப்பாளரை நியமிக்காதது தன் தவறு என்று எழுதியிருந்தார். அப்படி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எனக்கு அங்கேயே உடைந்து அழ வேண்டும் போல் இருந்தது. ஆனால் அவர் மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கும்போது அழுவதற்குத் தைரியம் வரவில்லை.

மருதமுத்து அண்ணனும் வந்து தன் கையில் மிஞ்சிய கல்லைப் பற்றிச் சொன்னார். கலியபெருமாள் மீதான குற்றப்பத்திரிகை திரும்பப் பெறப்பட்டது. என் சான்றிதழ் ஒரு வருடத்துக்கு முடக்கப்பட்டது. மறுபடியும் கல் அள்ளும் வேலை. நான் வேலை கற்றுக்கொடுத்தவர்கள் பார்க்க நான் கூடை தூக்கினேன். அது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

விக்கிரமங்கலத்துக்குப் போனதுதான் சரியாக வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கலியபெருமாள் வீடு திரும்பிய வாரம், ஞாயிறு பூசை முடிந்த கையோடு போனேன். அவர் மனைவி பச்சையம்மாள் வாசலிலேயே மறித்தார்.

"மன்னிப்பு கேக்க வந்தீங்களா, இல்ல ஒங்க மனசு ஆத்திக்க வந்தீங்களா?"

 இரண்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். உள்ளே இருந்து கலியபெருமாள் குரல் கொடுத்தார். "யாரு, சவரியா? உள்ள வரச் சொல்லு."

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கை மடியில் இருந்தது. நான் சொன்னதையெல்லாம் முகம் மாறாமல் கேட்டார். சாமியாரிடம் போனதையும் சொன்னேன். அங்கேதான் நிறுத்தினார்.

"ஒங்க சாமியாரு மன்னிப்பு குடுத்துட்டாரா?"

"குடுத்தாருண்ணே."

"போனது ஏங் கண்ணு. அவரு எப்புடிய்யா குடுத்தாரு?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கும் அதே கேள்விதான். பிறந்ததிலிருந்து ஞானோபதேசம் படித்தவன் நான். எனக்கு ஒரு நாளும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை.

சாமியாரிடமே போய்க் கேட்டேன். வேதத்திலிருந்து ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அவர் கேட்டது நியாயம்" என்றார். "ஆண்டவர் தன் பங்கைக் குடுத்தாச்சு. அவரோட பங்கு அவர்கிட்டதான் இருக்கு. குடுப்பாரோ மாட்டாரோ, அத நீ கேட்டு வாங்க முடியாது. போய்க்கிட்டே இரு."

போய்க்கொண்டே இருந்தேன். மாதம் இரண்டு ஞாயிறு. அதில் எனக்கு ஒரு வீம்பே வந்துவிட்டது. சில நாள் கதவு சாத்தியிருக்கும். சில நாள் பச்சையம்மாள் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஒரு முறை கலியபெருமாள் வயலில் மோட்டார் கொட்டகையில் ஒரு கையால் போல்ட்டை முறுக்கிக்கொண்டு திணறினார். நான் போய் ஸ்பேனரைப் பிடித்தேன். போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. பருத்திக்குத் தண்ணீர் பாய்ந்தது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கோவிலில் பரலோக மந்திரம் சொல்லும்போது 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்ற வரி வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். அவரிடமிருந்து வராததை ஆண்டவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது திருட்டுத்தனம் என்று பட்டது. நான் நினைத்தது தப்பாகக் கூட இருக்கலாம். அப்போது அப்படித்தான் இருந்தது.

சில மாதங்களில் அவர் வேலைக்குத் திரும்பினார். துளை போட முடியாது என்பதால், வெடி நேரத்தில் பாதையை மறித்துச் சிவப்புக் கொடி பிடிக்கும் வேலை கொடுத்தார்கள். தினமும் அவரைத் தாண்டித்தான் நான் கல் கூடையோடு போவேன். தலையாட்டுவார். அவ்வளவுதான்.

வருடம் முடிந்தது. சான்றிதழ் திரும்பி வந்தது. எனக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை. கல் அள்ளியே காலத்தை ஓட்டிவிடுகிறேன் என்று துரைசாமி சாரிடம் சொன்னேன்.

"தப்பு பண்ணுனவனுக்குத்தான்டா அந்தச் சத்தம் மறக்காது. நாளைக்கு நீதான் வெடி வைக்கிற" என்றார். அவர் வாயிலிருந்து "டா" வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

ஆனால் என்னோடு எண்ணுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. மருதமுத்து அண்ணன் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். சார் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் காதில் கோளாறு என்றார். ஒருவர் தரையைப் பார்த்தார். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் எண்ணிக்கையை நம்பி இறங்கியவர் எப்படித் திரும்பினார் என்பது அவர்கள் கண் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

கலியபெருமாள் கொடியைச் சுருட்டி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். "நான் எண்றேன் சார்" என்றார்.

"யோசிச்சுக்கப்பா" என்றார் துரைசாமி சார்.

"ஒரு வருசமா யோசிச்சாச்சு."

எட்டுக் குழி. பன்னிரண்டரை ஆகும் வரை, பக்கத்துச் சுரங்கத்தில் கடைசிச் சத்தம் ஓயும் வரை காத்திருந்து கொளுத்தினேன். பதுங்கும் கொட்டகையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவருக்கு இடது கையில் இரண்டு விரல்தான். அதனால் கல்லை வலது கையில் வைத்துக்கொண்டு, வெடிக்கு ஒன்றாகச் சட்டைப் பையில் போட்டார். எட்டாவது வெடியும் உள்ளங்காலில் ஏறியது. வாயைத் திறக்கவில்லை. கையை விரித்தேன். அவரும் விரித்தார். இரண்டும் காலி.

புகை அடங்கியதும் நான் மட்டும் இறங்கினேன். கல்லை ஒதுக்கி ஒதுக்கி, எட்டுக் குழியின் அடியையும் கையால் தடவிப் பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். மேலே வந்து "சரி" என்றேன். சங்கு ஊதியது. சாப்பாட்டு நேரமும் முடிந்தது. துளை போடுபவர்கள் இயந்திரத்தைத் தூக்கவில்லை. மேட்டிலேயே நின்றார்கள். துரைசாமி சாரும் அவர்களை விரட்டவில்லை. நம்பு என்று யாருக்கும் உத்தரவு போட முடியாது.

அப்போது கலியபெருமாள் இன்னும் திறக்காத தன் தூக்கு வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினார். உடைந்த கல் மேல் காலை ஊன்றி ஊன்றி, எட்டாவது குழி இருந்த இடத்துக்கே போனார். அதன் மேலேயே உட்கார்ந்தார். வாளியை மடியில் வைத்து மூடியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்.  அந்தக் குழியின் அடியில் மிச்ச மருந்து இல்லை என்பதற்கு, கையால் தடவிப் பார்த்த என் வார்த்தையைத் தவிர அவரிடம் வேறு சாட்சி இல்லை.

நான் ஓடிப் போய் எதிரில் நின்றேன்.

"என்னய்யா பாக்குற? ஒக்காரு. வூட்ல கத்திரிக்காக் கொழம்பு."

மூடியில் பாதிச் சோற்றைத் தள்ளி என் பக்கம் நகர்த்தினார். நான் உட்கார்ந்தேன். சோற்றைத் தொட முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். கடவுளின் இரக்கம் என்று அத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அது கருநீலப் புள்ளி விழுந்த முகத்தோடு எதிரில் உட்கார்ந்து சோறு பிசையும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்டு வாங்க முடியாது என்று சாமியார் சொன்னது அப்போதுதான் விளங்கியது.

மன்னித்துவிட்டேன் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு என்னோடு எண்ணிய பதினோரு வருடமும் சொல்லவில்லை. அன்று சொன்னது இதுதான்.

"அழுவுறத அப்பறம் அழுவலாம். சாப்புட்டுட்டு அவனுவளக் கூப்புடு. வேலை கெடக்கு."

சாப்பிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து மேட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன். இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள்.